‘ஆல்டர்னேட்டிவ்’ போய் வந்த பிள்ளை மறுபடி அங்கே போகாமலிருக்க: டெக்சாஸ் பள்ளிகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு முழு வழிகாட்டி

டெக்சாஸ் அரசுப் பள்ளியில் ஒரு மாணவன் பெரிய வம்பில் மாட்டினால் அவனை உடனே பள்ளியை விட்டு நீக்கிவிடுவதில்லை. முதலில் வேறொரு கட்டடத்துக்கு அனுப்புகிறார்கள். சட்டப்படி அதன் பெயர் ஒழுங்கு நடவடிக்கைக்கான மாற்றுக் கல்வித் திட்டம். பள்ளி அலுவலகத்தில் டி.ஏ.இ.பி. என்பார்கள், பிள்ளைகள் ‘ஆல்டர்னேட்டிவ்’ என்பார்கள். மாநிலக் கல்விச் சட்டத்தை 1995இல் திருத்தி எழுதியபோது அதன் 37ஆம் அத்தியாயத்தில் இது இடம்பெற்றது. ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு), தனியாகவோ பக்கத்து மாவட்டங்களோடு சேர்ந்தோ, இப்படி ஓர் இடத்தை நடத்தியே ஆக வேண்டும்.

முப்பது நாளோ நாற்பத்தைந்து நாளோ அங்கே இருந்துவிட்டுப் பிள்ளை பழைய பள்ளிக்குத் திரும்புகிறான். கொஞ்ச நாளில் மறுபடி அதே கட்டடம். சிலர் ஒரே கல்வியாண்டில் இரண்டு தடவை, மூன்று தடவை போய்வருகிறார்கள். இதைக் குறைப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின் பக்கம் பள்ளிகளில் வேலை செய்யும் தமிழர்களையும், அங்கே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்குச் சட்ட எண்கள் மாறும், வேலை மாறாது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறுபடி அனுப்பப்பட்ட பிள்ளையைப் பார்த்து எல்லாரும் கேட்பது, “ஆல்டர்னேட்டிவில் அவனைத் திருத்தவில்லையா?” என்றுதான். கேள்வி இடம் மாறிப் போகிறது. அங்கே ஒழுங்காக இருந்த பிள்ளைதான் இங்கே வந்ததும் தடுமாறுகிறான். பழைய பள்ளிக்குத் திரும்பிய முதல் சில வாரங்களில்தான் பெரும்பாலும் விஷயம் முடிவாகிறது. அந்த வாரங்களுக்குப் பள்ளி எவ்வளவு தயாராக இருந்தது என்று யாரும் கணக்கு வைத்துக்கொள்வதில்லை.

படி 1: கணக்கைச் சரியாகப் போடுங்கள்

இதைத் தாண்டிக் குதித்துத் திட்டத்துக்குப் போகிறவர்கள் அதிகம். போகாதீர்கள். ஒவ்வொரு அனுப்புதலையும், காரணம், எத்தனை நாள், கட்டாயமா (சட்டமே அனுப்பச் சொல்வது) விருப்பமா (பள்ளி தானே முடிவு செய்வது) என்ற விவரத்தோடு மாவட்டம் மாநிலத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதனால் தரவு உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். ஓர் ஆண்டில் 120 அனுப்புதல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் தனித்தனிப் பிள்ளைகள் 90 பேர். 68 பேர் ஒரு தடவையோடு முடிந்தார்கள். மீதி 22 பேர் சேர்ந்து 52 தடவை போனார்கள். 120 என்ற எண்ணை மட்டும் பார்த்தால் பெரிய மாவட்டப் பிரச்சினை மாதிரித் தெரியும். 22 என்று பார்த்தால், பெயர் சொல்லிப் பேசக்கூடிய அளவு. ஆகவே அனுப்புதலை எண்ணாமல் பிள்ளையை எண்ணுங்கள்.

அப்புறம் மூன்று பொறிகள் இருக்கின்றன. ஏப்ரல் கடைசியில் திரும்பிய பிள்ளைக்கு மறுபடி மாட்டுவதற்கு நாளே இல்லை; அவனை ‘வெற்றி’ என்று எழுதினால் கணக்கு பொய். ஆண்டு முடிய 60 பள்ளி நாளாவது மிச்சம் இருக்கும்போது திரும்பியவர்களை மட்டும் வைத்து விகிதம் போடுங்கள், மற்றவர்களை அடுத்த ஆண்டுக்குள் தொடர்ந்து பாருங்கள். இரண்டாவது, படிப்பையே விட்டுவிட்டுப் போனவனும் மறுபடி ஆல்டர்னேட்டிவுக்கு வரமாட்டான். அவன் நல்ல செய்தி இல்லை. படிப்பை நிறுத்தியவர்கள், வேறு மாவட்டம் போனவர்கள், ‘வீட்டிலேயே படிக்கிறான்’ என்று எழுதிக் கொடுத்தவர்கள் எல்லாரையும் தனிப் பத்தியில் போடுங்கள். மூன்றாவது, தண்டனை நாளைக் கூட்டினாலே விகிதம் தானாகக் குறையும். வெளியில் இருந்தால்தானே தப்புப் பண்ண முடியும். அதைச் சாதனை என்று பள்ளி வாரியக் கூட்டத்தில் படம் போட்டுக் காட்டுகிறவர்கள் உண்டு.

அந்த 22 பேருக்கும் ஒரே ஒரு தாள் போதும். எந்தப் பள்ளி, முதல் தடவை என்ன காரணம், இரண்டாவது தடவை என்ன காரணம், திரும்பிய நாளுக்கும் அடுத்த புகார்ச் சீட்டுக்கும் இடையே எத்தனை பள்ளி நாள், புகார் வந்த பாடவேளை, எழுதிய ஆசிரியர். இந்தப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் பல விஷயம் தானே வெளியே வரும். முதல் தடவை வேப்புக்காக (மின்சிகரெட்டுக்காக) போனவன் இரண்டாவது தடவை ‘அடங்காமை’ என்ற காரணத்துக்காகப் போயிருப்பான். அதாவது முதல் பிரச்சினை தீர்ந்துவிட்டது. இரண்டாவது பிரச்சினை திரும்பி வந்த இடத்தில் முளைத்தது.

படி 2: வாசலிலேயே குறையுங்கள்

அனுப்பத் தேவையில்லாதவனை முதல் தடவையே அனுப்பாவிட்டால் இரண்டாவது தடவை என்ற பேச்சே இல்லை. 2011இல் டெக்சாஸில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. மாநில அரசுகள் மன்றத்தின் நீதி மையமும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் பொதுக்கொள்கை ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, ஏழாம் வகுப்பிலிருந்த ஏறத்தாழ பத்து லட்சம் பிள்ளைகளைக் குறைந்தது ஆறு ஆண்டு பின்தொடர்ந்தன. ஏறக்குறைய 60 சதவீதம் பேர் ஒரு தடவையாவது வகுப்பிலிருந்தோ பள்ளியிலிருந்தோ விலக்கப்பட்டிருந்தார்கள். அந்த நடவடிக்கைகளில் சட்டம் கட்டாயப்படுத்தியவை 3 சதவீதம்தான். மற்றவை எல்லாம் பள்ளி நினைத்திருந்தால் வேறு மாதிரிக் கையாண்டிருக்கலாம். 11 தடவையோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் சிறார் நீதி அமைப்பின் கதவைத் தட்டியிருந்தார்கள் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. திரும்பத் திரும்ப அனுப்புவது பிள்ளையைத் திருத்தும் என்று சொல்கிறவர்களிடம் நான் எடுத்து வைக்கும் எண் இது.

ஆகவே கட்டாய வகையையும் விருப்ப வகையையும் பிரியுங்கள். விருப்ப வகைக்கு ஒரு நிபந்தனை வையுங்கள்: இதற்கு முன் என்னென்ன செய்தோம் என்று பள்ளி எழுதிக் காட்டாமல் மாவட்டம் கையெழுத்துப் போடக் கூடாது. “அம்மாவுக்குப் போன் செய்தோம்” என்பது ஒரு முயற்சியாகாது.

கட்டாய வகையிலும் கை முழுதாகக் கட்டப்படவில்லை. தற்காப்புக்காக அடித்தானா, வேண்டுமென்றே செய்தானா, முன் வரலாறு என்ன, குறைபாடு ஏதாவது அவன் புத்தியை மறைத்ததா, மாநிலப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளையா, வீடில்லாத குடும்பமா என்பதையெல்லாம் ஒவ்வொரு முடிவிலும் கவனிக்கச் சொல்கிறது 37ஆம் அத்தியாயம். குற்றம் கட்டாய வகையைச் சேர்ந்ததாக இருந்தாலும் இந்த விதி உண்டு. படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் இருக்கும். எல்லாவற்றுக்கும் ‘பொருந்தாது’ என்று டிக் அடித்துவிட்டுப் போவதுதான் வழக்கம். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத உட்காரும்போதே சிலரின் மனம் மாறும்.

வேப் தனிக் கதை. 2023இல் வந்த சட்டம், வேப் வைத்திருந்தாலே ஆல்டர்னேட்டிவ் கட்டாயம் என்றாக்கியது. பல ஊர்களில் இடம் போதவில்லை. 2025இல் சட்டமன்றம் கொஞ்சம் இறங்கி வந்து, முதல் தடவை மாட்டுகிறவர்களைப் பள்ளிக்குள்ளேயே தனியாக உட்காரவைக்க வழிவிட்டது. உங்கள் மாவட்டம் அந்த வழியைத் தன் நடத்தை விதித்தொகுப்பில் எடுத்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். டெக்சாஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் கூடும். ஒவ்வொரு தடவையும் இந்த அத்தியாயத்தில் ஏதாவது ஒரு பிரிவைத் தொடாமல் விடுவதில்லை. போன வருடத்துத் தொகுப்பை வைத்துப் பேசாதீர்கள். நிகோடினுக்கு அடிமையான பிள்ளைக்கு வேப் பழக்கத்தைக் கைவிட உதவி கிடைக்காமல் நாள் மட்டும் கழிந்தால், திரும்பி வந்த வாரமே கழிப்பறையில் மாட்டுவான். இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

மாற்று வழி என்ன என்று கேட்பார்கள். டாலஸ் மாவட்டம் 2021இல் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் விருப்ப இடைநீக்கங்களை நிறுத்திவிட்டு ‘ரீசெட் சென்டர்’ என்ற அறைகளைத் தொடங்கியது. பிள்ளை அங்கே போய் ஆறி, பேசி, பாடத்தைத் தொடர்ந்து, வகுப்புக்குத் திரும்ப வேண்டும். சான் அன்டோனியோவில் எட் ஒயிட் நடுநிலைப் பள்ளி 2012இலிருந்து, வட்டமாக உட்கார்ந்து பேசி நடந்த சேதத்தைச் சரிசெய்யும் முறையை டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் துணையோடு ஆறாம் வகுப்பில் தொடங்கி மேலே கொண்டுபோனது. ஒரு வகுப்பில் தொடங்கியது கெட்டிக்காரத்தனம். முழுப் பள்ளிக்கும் ஒரே நாளில் பயிற்சி வைத்து, அடுத்த வாரம் எல்லாரும் மறந்துபோன திட்டங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சிறப்புக் கல்வியிலோ, குறைபாடுள்ள பிள்ளைக்கு வகுப்பில் தேவையான வசதிகளைச் செய்துதரும் 504 திட்டத்திலோ இருக்கும் பிள்ளை என்றால் இன்னொரு கதவு இருக்கிறது. பத்துப் பள்ளி நாளுக்கு மேல் இடம் மாற்ற முடிவெடுத்தால், முடிவெடுத்த பத்துப் பள்ளி நாளுக்குள் ஒரு கூட்டம் கூட வேண்டும். இந்த நடத்தை குறைபாட்டால் வந்ததா, அல்லது எழுதிக் கொடுத்த திட்டத்தைப் பள்ளி செய்யாததால் வந்ததா என்று அங்கே முடிவு செய்வார்கள். ‘ஆம்’ என்றால், ஆயுதம், போதைப்பொருள், கடுமையான காயம் தவிர மற்றவற்றுக்குப் பிள்ளை பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். இரண்டாவது கேள்வியைப் பலர் படித்துவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறார்கள். திரும்பத் திரும்ப அனுப்பப்படும் பிள்ளைக்கு மிக முக்கியமான கேள்வி அதுதான்.

படி 3: அனுப்பும் நாளிலேயே திரும்பும் நாளைப் பேசுங்கள்

பிள்ளையை வகுப்பிலிருந்து விலக்கிய மூன்று பள்ளி நாளுக்குள் பெற்றோரோடு ஒரு கூட்டம் நடக்க வேண்டும். அது பெரும்பாலும் குற்றப்பத்திரிகை வாசிப்பாகத்தான் நடக்கும். கடைசிப் பத்து நிமிடத்தைத் திரும்புவதற்கு ஒதுக்குங்கள். எந்தத் தேதியில் திரும்புவான், அதுவரை பழைய பள்ளியில் யார் அவனுக்குப் பொறுப்பு, எந்தெந்தப் பாடம் அங்கே கிடைக்காது.

கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆல்டர்னேட்டிவில் ஆங்கிலம், கணக்கு, அறிவியல், வரலாறு இருக்கும். பிள்ளை எடுத்திருந்த ஸ்பானிஷ், இசை, வெல்டிங் எல்லாம் இருக்குமா என்பது சந்தேகம். தொடங்கிய பாடத்தை அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் முடிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. கேட்டால்தான் அந்த ஏற்பாடு நடக்கும். கேட்காமல் விட்டால், திரும்பி வரும்போது அரை கிரெடிட் (பள்ளிப் படிப்பை முடிக்கச் சேர்க்க வேண்டிய பாட அலகு) போயிருக்கும். பள்ளிப் படிப்பை முடிக்க வழியில்லை என்று தெரிந்த பிள்ளை ஒழுங்காக இருக்க ஒரு காரணம் சொல்லுங்கள் பார்ப்போம்.

நாள் கணக்கையும் பாருங்கள். பல மாவட்டங்களில் ‘நல்ல நாள்’ மட்டும்தான் கணக்கில் சேரும். வராத நாள் சேராது. ஆல்டர்னேட்டிவுக்குப் பேருந்து இல்லாத ஊர்களும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: கார் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு முப்பது நாள் தண்டனை அறுபது நாளாக நீள்கிறது. ஒழுங்குக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்று பேருந்து விடுங்கள், இல்லை வண்டி இல்லாததால் வராத நாளுக்காகத் தண்டனையை நீட்டாதீர்கள். இதை மாற்ற மேலிடத்து உத்தரவு எதுவும் தேவையில்லை, மாவட்ட விதியில் ஒரு வரி போதும்.

படி 4: அங்கே இருக்கும் காலம்

இதைப் பற்றித்தான் எல்லாரும் நிறைய எழுதுகிறார்கள், அதனால் சுருக்கமாகப் போகிறேன். மாநில விதிப்படி அங்கே பதினைந்து பிள்ளைக்கு ஓர் ஆசிரியர். சாதாரணப் பள்ளியில் கனவிலும் கிடைக்காத விகிதம் அது. அதை வீணாக்கிக் கணினித் திரை முன்னால் ஏழு மணி நேரம் உட்காரவைத்தால் பயன் இல்லை. 90 பள்ளி நாளோ அதற்கு மேலோ அனுப்பப்பட்டவர்களுக்கு வந்ததும் போகும்போதும் படிப்புத் திறனைச் சோதிக்கச் சட்டம் சொல்கிறது. நீங்கள் எல்லாருக்கும் முதல் வாரத்தில் ஒரு வாசிப்புச் சோதனையும் கணக்குச் சோதனையும் வையுங்கள். ஒன்பதாம் வகுப்பில் அடாவடி பண்ணும் பையன் நாலாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் திணறுவது தெரியவந்தால், அவன் ஏன் ஆங்கில வகுப்பில் மட்டும் ஆசிரியரை வம்புக்கு இழுத்தான் என்பதும் புரியும்.

இன்னொன்று, நடத்தை அட்டை. ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் ஆசிரியர் இரண்டு மூன்று விஷயத்துக்கு 0, 1, 2 என்று போடுவார். காலையில் ஒருவர் பிள்ளையைப் பார்த்து அட்டை கொடுப்பார், மாலையில் வாங்கிப் பேசுவார். வழக்கமான இலக்கு 80 சதவீதம். இங்கே இதைப் பழக்கினால், பழைய பள்ளிக்கும் இதே அட்டையைக் கொண்டுபோகலாம். அங்கே வேறு முறை, இங்கே வேறு முறை என்றால் பிள்ளை பழகியது எல்லாம் வாசலோடு போச்சு.

படி 5: திரும்பும் கூட்டம்

முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். 2019இல் டெக்சாஸ் கல்விச் சட்டத்தில் 37.023 என்ற பிரிவு சேர்ந்தது. விடுவிக்கும் தேதி தெரிந்ததும் ஆல்டர்னேட்டிவ் பள்ளி அதைப் பெற்றோருக்கும் பழைய பள்ளி நிர்வாகிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அங்கே எடுத்த படிப்பு மதிப்பீட்டையும் சோதனை முடிவுகளையும் அனுப்ப வேண்டும். விடுவித்த ஐந்து பாட நாளுக்குள் பழைய பள்ளி, ஆலோசகர், நடத்தை ஒருங்கிணைப்பாளர், வகுப்பாசிரியர்கள் முதலியோரின் யோசனைகளைக் கேட்டு, அந்தப் பிள்ளைக்கென்று ஒரு திட்டம் போட வேண்டும்.

என் யோசனை, ஐந்து நாள் பின்னால் என்பதை மறந்துவிடுங்கள். ஐந்து நாள் முன்னால் கூட்டத்தை வையுங்கள். பிள்ளை திங்கள்கிழமை வருகிறான், திட்டம் வெள்ளிக்கிழமை வருகிறது என்றால் அந்த நாலு நாளில் நடப்பதை யார் பார்ப்பார்கள்?

நடைமுறையில் நடப்பது இதுதான். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் திங்கள் காலை முன் அலுவலகத்துக்கு வருகிறான். அவன் பெயர் கணினியில் இன்னும் ‘செயலில் இல்லை’. கால அட்டவணை அச்சாக ஒரு மணி நேரம். முதல் பாடவேளை போச்சு. இரண்டாவது வகுப்புக்குப் போனால் அவன் இருக்கையில் வேறொருவன். ஆசிரியருக்கு இவன் வருவதே தெரியாது, எல்லார் முன்னாலும், “நீ திரும்பி வந்துட்டியா?” என்கிறார். வகுப்பு சிரிக்கிறது. மதியம் அல்ஜீப்ரா. மதிப்பெண் பக்கத்தைத் திறந்தால் வரிசையாகப் பூஜ்ஜியம். ஆல்டர்னேட்டிவில் அவன் செய்த பயிற்சிகள் இங்கே ஏற்றப்படவில்லை, கணினி ‘தரவில்லை’ என்று பூஜ்ஜியம் போட்டுவிட்டது. முன்பு எந்தப் பையனோடு அடிதடி நடந்ததோ, அவனும் அதே சாப்பாட்டு வேளையில் இருக்கிறான். இதில் எதுவும் பையனின் நடத்தை இல்லை. எல்லாம் எழுத்தர் வேலை. ஆனால் புதன்கிழமைக்குள் அவன் பெயரில் ஒரு புகார்ச் சீட்டு இருக்கும்.

ஆகவே கூட்டத்துக்கு முன்பே, பிள்ளையும் பெற்றோரும் வந்து உட்காருமுன், இவற்றை முடித்து வையுங்கள்:

• கணினியில் பெயர் செயல்பாட்டில் இருக்க வேண்டும், அட்டவணை அச்சிட்டுக் கையில் இருக்க வேண்டும், இருக்கையும் லாக்கரும் தயாராக இருக்க வேண்டும்.
• ஆல்டர்னேட்டிவ் மதிப்பெண்கள் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். ஏற்ற முடியாதவை ‘விலக்கு’ என்று இருக்க வேண்டும், பூஜ்ஜியம் கூடாது.
• சண்டை போட்ட மறுதரப்பின் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, சாப்பாட்டு வேளையையும் நடைபாதையையும் பிரித்திருக்க வேண்டும்.
• புகார் கொடுத்த ஆசிரியரின் வகுப்புக்கே திரும்புகிறான் என்றால், அந்த ஆசிரியரிடம் முன்னமே பேசியிருக்க வேண்டும்.

கூட்டத்தில் பிள்ளை பேச வேண்டும். முதலில் அவனே பேச வேண்டும். “நீ என்ன கற்றுக்கொண்டாய்?” என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்குத் தயாராக வைத்திருக்கும் பதில் ஒன்றுதான் வரும். “எந்த வகுப்பு உனக்குப் பயமா இருக்கு?”, “யாரைப் பார்த்தா கோபம் வரும்?”, “கோபம் வந்தா வெளியே போக எந்த அறை வேணும்?” என்று கேளுங்கள். பதில் வரும். நாற்பது நிமிடம் போதும். ஒரே பக்கத் திட்டம். அதில் பொறுப்பான ஒரு பெரியவரின் பெயர், வெளியேறிப் போக ஓர் அறை, அட்டை முறை, வாரத்தில் ஆலோசகரைப் பார்க்கும் நாள், பெற்றோருக்கு வெள்ளிக்கிழமை யார் போன் செய்வார்கள் என்பது. இரண்டாவது பக்கம் எழுத ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள், அதை யாரும் படிக்கப் போவதில்லை.

பள்ளிக் காவலரையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். பிள்ளையை முதலில் பார்த்துப் பெயர் சொல்லி வணக்கம் சொல்கிறவர் அவராக இருந்தால், பையைச் சோதிக்கும்போது மட்டும் எதிரில் வருகிறவராக இருக்கமாட்டார்.

படி 6: முதல் ஆறு வாரம்

ஆசிரியர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போகும். அதில் என்ன எழுதுகிறோம் என்பது முக்கியம். “இந்த மாணவன் ஆல்டர்னேட்டிவிலிருந்து திரும்புகிறான், கவனமாக இருக்கவும்” என்று எழுதினால் எல்லாரும் கவனமாகத்தான் இருப்பார்கள். மற்றவர்கள் செய்தால் கண்டும் காணாமல் விடும் விஷயத்துக்கு இவனுக்குச் சீட்டு எழுதுவார்கள். “திங்கள்முதல் உங்கள் மூன்றாவது வகுப்பில் இருப்பான். கடைசி அலகைத் தவறவிட்டிருக்கிறான், வியாழன் மதியம் நான் அவனுக்கு உட்கார்ந்து சொல்லித்தருகிறேன். சிக்கல் என்றால் முதலில் என் எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.” இப்படி எழுதிப் பாருங்கள். என்ன குற்றம் செய்தான் என்பதை, தெரிய வேண்டிய சட்டக் காரணம் இல்லாதவர்களுக்கு எழுதவே வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் தினமும் காலை மாலை அட்டை. பிறகு நாலு வாரம் காலையில் மட்டும். அட்டையில் மூன்று நாள் தொடர்ந்து 80க்குக் கீழே போனால், புகார் வரும்வரை காத்திருக்காமல் அன்றே கூடுங்கள். பொறுப்பான பெரியவர் பயிற்சியாளராகவோ, நூலகராகவோ, துப்புரவுப் பணியாளராகவோகூட இருக்கலாம். பிள்ளைக்குப் பிடித்தவராக இருந்தால் போதும். துணைத் தலைமையாசிரியர் மட்டும் வேண்டாம். தண்டனை கொடுக்கும் கையும் அட்டை வாங்கும் கையும் ஒன்றாக இருந்தால் பிள்ளை அட்டையைத் தொலைத்துவிடுவான்.

சறுக்கல் வரும். எட்டாம் நாள் ஆசிரியரைக் கெட்ட வார்த்தையில் திட்டுவான். அப்போது என்ன செய்வது என்பதைத் திட்டத்தாளிலேயே எழுதி வையுங்கள்: முதலில் அந்த அறைக்குப் போவது, அப்புறம் ஆசிரியரோடு உட்கார்ந்து பேசுவது, அப்புறம் பெற்றோர் கூட்டம். மாவட்டத்தில் ஒரு விதி வையுங்கள்: திரும்பி வந்த பிள்ளையை விருப்பக் காரணத்துக்காக மறுபடி அனுப்ப வேண்டுமென்றால், கையெழுத்துப் போடுமுன் மாவட்ட ஒருங்கிணைப்பாளரைப் போனில் கூப்பிட வேண்டும். அவர் மறுக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. “திட்டத்தாள் உங்கள் கையில் இருக்கிறதா? அதிலுள்ள எதைச் செய்தீர்கள்?” என்று கேட்டாலே போதும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்று யாராவது சொன்னால், நான் இந்த விதியைத்தான் கைகாட்டுவேன். காசு செலவில்லை.

படி 7: பெற்றோருக்கு

நம்மவர்களைப் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகச் சொல்கிறேன். பிள்ளை மாட்டினான் என்றதும் நம் வீடுகளில் இரண்டு வேலை நடக்கும். பள்ளியில் நீட்டுகிற எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போடுவது ஒன்று. தமிழ்ச் சங்கத்தில் யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. கொஞ்சம் முற்றினால், “ஊருக்கு அனுப்பிடலாமா, தாத்தா பாட்டிகிட்ட இருக்கட்டும்” என்ற பேச்சு வரும். பதினொன்றாம் வகுப்பில் பாடத்திட்டத்தையும் நாட்டையும் மாற்றுவது பிள்ளைக்கு இரண்டாவது தண்டனை. அவசரப்படாதீர்கள்.

கூட்டத்தில் கேளுங்கள்: இது கட்டாயமா விருப்பமா? தணிக்கும் காரணங்களில் (படி 2இல் சொன்ன தற்காப்பு, முன் வரலாறு போன்றவை) எவற்றைப் பரிசீலித்தீர்கள், எழுதியிருக்கிறீர்களா? எத்தனை நாள், வராத நாள் சேருமா? அவன் பாடங்கள் என்ன ஆகும்? 60 நாளையோ அடுத்த மதிப்பெண் காலத்தின் முடிவையோ, இரண்டில் எது முதலில் வருகிறதோ அதைத் தாண்டிப் போகும் தண்டனை என்றால் பள்ளி வாரியத்தின் முன்னாலோ அதன் பிரதிநிதியின் முன்னாலோ உங்கள் பக்கத்தைச் சொல்ல உரிமை இருக்கிறது. 120 நாளுக்குள் ஒரு தடவையாவது பிள்ளையின் நிலையை மறுபரிசீலனை செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் பேசித் தடுமாறுகிற தாத்தாவோ அம்மாவோ வந்திருந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். மத்திய அரசுப் பணம் வாங்கும் பள்ளி அதை ஏற்பாடு செய்ய வேண்டும். பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். தன் மீதான புகாரைத் தானே அம்மாவுக்கு மொழிபெயர்க்கும் பிள்ளை எந்த வரியை விடுவான் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்கு வாசிப்பிலோ கவனத்திலோ சிக்கல் இருக்கிறது என்று சந்தேகம் இருந்தால் சிறப்புக் கல்வி மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். சம்பவம் நடக்கும் முன்னாலேயே எழுத்தில் கேட்டிருந்தால், மதிப்பீடு முடியாவிட்டாலும் படி 2இல் சொன்ன பாதுகாப்பு கிடைக்க வழி உண்டு. “நம்ம பிள்ளைக்கு அதெல்லாம் இல்லை” என்று வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள்.

வேப்பில் கஞ்சா எண்ணெய் இருந்தால் அது வேறு அளவு. டெக்சாஸில் அந்த எண்ணெய் ஒரு கிராமுக்குக் கீழே இருந்தாலும் பெருங்குற்ற வகைதான். 17 வயது நிரம்பிய பிள்ளையைக் குற்ற வழக்கில் டெக்சாஸ் பெரியவராகத்தான் நடத்தும். ஆல்டர்னேட்டிவுக்கு அனுப்புவது பள்ளி நடவடிக்கை, வழக்கு என்பது வேறு. இரண்டும் ஒரே நாளில் தொடங்கலாம். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளை என்றால், காவலரிடம் எழுதிக் கொடுக்கும் முன் குற்ற வழக்கறிஞரையும் குடிவரவு வழக்கறிஞரையும் பாருங்கள்.

படி 8: குறைந்ததா என்று பார்ப்பது

மாதம் ஒரு தடவை, ஒரு மணி நேரம், மூன்று எண்கள். திரும்பி வந்தவர்களில் எத்தனை பேருக்குக் கூட்டம் முன்னதாகவே நடந்தது. எத்தனை பேர் முப்பது பள்ளி நாளைப் புகார் இல்லாமல் தாண்டினார்கள். எத்தனை பேர் இன்னும் பள்ளிக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். மூன்றாவது எண் கீழே போனால் மற்ற இரண்டையும் நம்பாதீர்கள். எண்களைப் பள்ளிவாரியாகப் பிரித்துப் போடுங்கள். ஒரே ஆல்டர்னேட்டிவிலிருந்து பிள்ளைகளைத் திரும்பப் பெறும் இரண்டு பள்ளிகளில் ஒன்றில் மட்டும் பிள்ளைகள் நிலைக்கிறார்கள் என்றால், அங்கே என்ன செய்கிறார்கள் என்று மற்றப் பள்ளிக்காரர் ஒரு காலை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

விடுமுறை முடிவுகளைத் தனியாகக் குறித்து வையுங்கள். டிசம்பரில் நாள் முடிகிறவர்கள் ஜனவரி முதல் வாரத்தில் திரும்புவார்கள். மே மாதம் முடிகிறவர்கள் ஆகஸ்டில். ஆகஸ்டில் பள்ளி திறக்கும் நாள் நெரிசலில் இவர்கள் யார் கண்ணிலும் படாமல் புது மாணவர் மாதிரி நுழைந்துவிடுவார்கள். நடுநிலைப் பள்ளியிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்குப் போகிற எட்டாம் வகுப்புப் பிள்ளை என்றால், அவனை அறிந்த ஒருவர்கூடப் புதுப் பள்ளியில் இருக்கமாட்டார். இந்தப் பட்டியலை ஜூன் மாதமே உயர்நிலைப் பள்ளி ஆலோசகர் கையில் கொடுத்து, திரும்பும் கூட்டத்துக்கு ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே தேதி வாங்கிவிடுங்கள்.